மெம்ஃபிஸ் என்று சொன்னால் போதும்

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வரும் சாலையில், ஹோட்டல் வேன் பாதி தூரம் போவதற்குள் பின்னாலிருந்து யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். சிலர் சுற்றி வளைப்பார்கள். "பொழுது சாஞ்சப்புறம் ஆத்தங்கரைப் பக்கம் நடக்கலாமா?" சிலருக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. "மெம்ஃபிஸ் ரொம்ப மோசமான ஊராமே, நிஜமா?"

லவோன் டேட்டம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடியில் ஆளைப் பார்ப்பாள். "நான் பொறந்து வளந்தது எல்லாம் இங்கதான். ஆவியாவா வந்து உங்களுக்கு வண்டி ஓட்டிக்கிட்டிருக்கேன்?" என்பாள். வேனில் சிரிப்பு எழும். பிறகு அவள் கேட்பாள்: "ஆமா, நீங்க எந்த ஊரு?"

"பால்டிமோர்."

"அடேயப்பா! உங்க ஊருக்குப் போறவன் உயில் எழுதி வச்சிட்டுத்தான் கிளம்பணும்னு எங்க சர்ச்சுல பேசிக்கறாங்க."

"அதெல்லாம் டிவிக்காரன் கட்டிவிடற கதைம்மா. நான் இருக்கற பக்கம் ஒரு வம்பும் கிடையாது."

"அதையேதான் நானும் சொல்றேன்."

செயின்ட் லூயிஸிலிருந்து வந்தவர்கள், டெட்ராய்ட்டிலிருந்து வந்தவர்கள், நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் எல்லோரும் ஒரே ரகம்தான். தன் ஊரைப் பற்றிச் சொன்னால் அது கட்டுக்கதை. அடுத்தவன் ஊரைப் பற்றிச் சொன்னால் வேதவாக்கு. லவோனுக்கு இது பழகிப்போயிருந்தது. பயந்துகொண்டு வந்தவர்களை ஆற்றங்கரைக்கும் பாட்டுக் கச்சேரிகள் நடக்கும் பீல் தெருவுக்கும் அனுப்பிவிட்டு, ஊருக்குத் திரும்பும் நாளில் அவர்கள் "நல்ல ஊரும்மா" என்று சொல்வதைக் கேட்க அவளுக்குப் பிடிக்கும்.

ஆனால் வேலை முடிந்து ஆரஞ்ச் மவுண்ட் பேட்டையில் தன் தெருவுக்குள் நுழையும்போது அவளே காரின் கதவுகளைப் பூட்டிக்கொள்வாள். முனையில் இருக்கும் முடிவெட்டும் கடையின் பக்கம் திரும்ப மாட்டாள். சன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டிருந்தாள். விருந்தாளிகளிடம் வாய் கூசாமல் சொன்னதை அவள் மனசு ஏழு வருஷமாக நம்பவில்லை. காரணம் அவளுடைய தம்பி டெரன்ஸ்.

அம்மா சிறுநீரகம் கெட்டு இறந்தபோது லவோனுக்கு இருபது வயது, டெரன்ஸுக்கு ஒன்பது. அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் தேடிக்கொண்டு போய்விட்டார். அடக்கம் முடிந்த அன்று அத்தைகளும் மாமாக்களும் சமையலறையில் கூடி, பையனை டெட்ராய்ட்டில் ஒடெல் அத்தையிடம் அனுப்பிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். லவோன் சட்டிகளைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அவன் எங்கயும் போக வேணாம்." அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட ஒருவன் இருந்தான். நல்லவன்தான். "உன்னோட வர்ற பையனைப் பத்திக் கொஞ்சம் யோசிக்கணுமே" என்று ஒரு நாள் இழுத்தான். அவனையும் திருப்பி அனுப்பிவிட்டாள். டெரன்ஸ் பள்ளியில் பந்து விளையாடிய ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சலவைக்கூடத்துச் சீருடையோடு போய்க் கத்தினாள். அந்தக் காலத்தில் அவளுக்குத் துணையாக இருந்தது எதிர்வீட்டு ஓலா மே கெய்ன்ஸ். லவோனுக்கு வேலை இருந்த நாட்களில் டெரன்ஸும் ஓலா மேயின் மகன் டிராவிஸும் ஒரே கட்டிலில் தூங்கினார்கள், ஒரே தட்டில் சோளரொட்டி தின்றார்கள்.

டெரன்ஸ் படித்து முடித்து சார்லட் நகரத்துக்குப் போனான். அங்கே அலுவலக வேலை, யோலாண்டா என்ற மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். இடையில் குடி பிடித்துக்கொண்டது. யோலாண்டா பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். சிகிச்சை எடுத்துத் தேறி வந்தபிறகுதான் திரும்பினாள், அதுவும் ஒரு நிபந்தனையோடு: "இனி ஒரு சொட்டு உள்ள போச்சுன்னா நானும் இல்ல, பிள்ளைகளும் இல்ல." அப்புறம் அவன் குடிக்கவில்லை. அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள்.

லவோனுக்கு முழங்காலில் அறுவை நடந்த வருஷம், செப்டம்பர் விடுமுறைக்கு அவளைப் பார்க்க அவன் தனியாக வந்தான். யோலாண்டாவின் புதுக் காரில் வந்தான். சனிக்கிழமை மதியம் பழைய நண்பர்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். பொழுது சாயும் நேரத்தில் நடந்து திரும்பினான். சட்டை கிழிந்திருந்தது, புருவத்தில் ரத்தம்.

"துப்பாக்கியக் காட்டிட்டானுங்க அக்கா. ரெண்டு பேரு. நம்ம தெருமுனையில, முடிவெட்டற கடைக்குப் பக்கத்துல. காரைப் புடுங்கிக்கிட்டுப் போயிட்டானுங்க."

லவோன் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தான் வளர்த்த பிள்ளை, தன் வீட்டு வாசலுக்கு வந்து சாகப் பார்த்தானே என்று அன்றைக்கு அவள் அழுத அழுகை கொஞ்சமல்ல.

போலீஸ் வந்து கேட்டபோது, ஒருவன் பச்சைத் தொப்பி போட்டிருந்தான் என்று டெரன்ஸ் சொன்னான். முடிவெட்டும் கடை டிராவிஸ் கெய்ன்ஸுடையது. அவனிடமும் ஒரு பச்சைத் தொப்பி இருந்தது. அந்த ஊரில் பாதிப் பேரிடம் இருந்ததுதான். ஆனால் டிராவிஸைத்தான் அவன் கடை வாசலில், அவன் அம்மா பார்க்க, போலீஸ் காரின் மேல் இரண்டு கையையும் வைத்து நிற்கச் சொன்னார்கள். கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் விட்டார்கள். கார் அதற்குள் தென்மேற்கே ஏரிப் பக்கம் ஒரு பள்ளத்தில் நொறுங்கிக் கிடந்ததாகத் தகவல் வந்தது. திருடினவன் ஓட்டத் தெரியாமல் இடித்துவிட்டான் என்றார்கள்.

ஓலா மே தெருவைக் கடந்து வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வோனி, உன் தம்பிகிட்ட ஒரே ஒரு வார்த்தை கேளு. எம் புள்ளையா அது? கூடப் படுத்துத் தூங்கினவன அவனுக்கு அடையாளம் தெரியாதா?"

லவோன் உள்ளே போய்க் கேட்டாள். டெரன்ஸ் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "முகத்தைத் துணியால மூடியிருந்தானுங்க அக்கா. எப்படிச் சொல்லுவேன்? இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம்."

அவள் வெளியே வந்து அதை அப்படியே சொன்னாள். "இருக்கலாம்ங்கறான், ஓலா மே."

"இருக்கலாமா?" என்றாள் ஓலா மே. திரும்பிப் போனாள். அதற்கப்புறம் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே பேச்சுவார்த்தை இல்லை. லவோன் சன்னல்களுக்குக் கம்பி போட்டது அந்த மாதம்தான்.

டேட்டம் குடும்பம் ஒரு கோடைவிட்டு ஒரு கோடை ஒன்றுகூடும். மெம்ஃபிஸில் பிறந்து நாலா திசைக்கும் பிழைக்கப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரே நிறத்தில் பனியன் அச்சடித்துப் போட்டுக்கொண்டு, வெள்ளியன்று மீன் பொரித்து, சனியன்று பூங்காவில் கறி சுட்டு, ஞாயிறன்று சேர்ந்து சர்ச்சுக்குப் போவார்கள். காரைப் பறிகொடுத்த சம்பவத்துக்குப் பிறகு யாரும் மெம்ஃபிஸ் பேச்சை எடுக்கவில்லை. டெட்ராய்ட்டில் கூடினார்கள், சிகாகோவில் கூடினார்கள், அட்லாண்டாவில் கூடினார்கள். அம்மாவும் தாத்தாவும் புதைந்திருக்கிற மண்ணுக்கு மட்டும் யாரும் வரவில்லை.

அதற்கு ஏழாவது வருஷம் லவோனுக்கு ஓர் ஆசை வந்தது. அடுத்த கூடலை மெம்ஃபிஸில் வைக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. துப்பாக்கி முனையில் நின்றவன் டெரன்ஸ் அல்லவா? முதலில் அவனுக்குத்தான் போன் போட்டாள்.

"உனக்கு மனசு ஒப்பலேன்னா சொல்லிடுப்பா. நான் வாயே தொறக்க மாட்டேன்."

"என்னக்கா இப்படிக் கேக்கற? நான் இருக்கேன்ல. அடிபட்டவனே வர்றேங்கும்போது மத்தவங்க என்ன வாயத் தொறக்க முடியும்? தைரியமாப் பேசு. நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு பேச்சில் அவளுக்குப் பத்து வயது குறைந்துபோயிற்று. சர்ச் கூடத்தைக் கேட்டு வைத்தாள். கெளுத்தி மீன் யார் பொரிப்பது, எந்தப் பூங்கா என்பதெல்லாம் மனசுக்குள் தீர்மானமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் எல்லோரும் போன் திரையில் முகம் காட்டிக் கூடினார்கள். லவோன் விஷயத்தைச் சொன்னதும் சிகாகோவிலிருந்து பெர்னடீன், சித்தப்பா மகள், நெஞ்சில் கை வைத்தாள்.

"மெம்ஃபிஸா? வோனி, எனக்கு இன்னும் பேரன் பேத்தி கல்யாணம் பாக்க வேண்டியிருக்குடி."

"நீ இருக்கறது சிகாகோ, பெர்னி. எங்க ஊரப் பாத்து நீ பயப்படறியா?"

"நான் இருக்கற பக்கம் வேறடி! அங்க பூனைகூடச் சத்தம் போடாது."

டெட்ராய்ட்டிலிருந்து ஒடெல் அத்தை, காது மந்தமானவர், திரை முழுக்கத் தன் நெற்றியையே காட்டிக்கொண்டு கத்தினார்: "எங்க ஊர எரிஞ்சுபோன ஊருன்னு சொல்லுவானுங்க. நான் அம்பது வருஷமா இங்கதான் குந்தியிருக்கேன், ஒரு ஈ கடிச்சதில்ல. ஆனா மெம்ஃபிஸ் அப்படியில்ல கண்ணு. நான் பொறந்த ஊருன்னாலும் சொல்றேன்."

சிரித்தார்கள், திட்டினார்கள், ஆளாளுக்குப் பேசினார்கள். லவோன் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். வேனில் பேசிப் பேசிப் பழகின வாய். கொஞ்சம் கொஞ்சமாக நாலைந்து பேர் அவள் பக்கம் சாய்ந்தார்கள். ஒடெல் அத்தையே, "சரி, எங்கம்மா கல்லறையப் பாத்து நாளாச்சு" என்றார். லவோன் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். இப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும்.

டெரன்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அக்காவுக்காக நான் எங்க வேணும்னாலும் வருவேன்" என்றான். "ஆனா பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டுன்னு நினைக்கும்போது... மன்னிச்சுக்கோக்கா. அன்னைக்கு நெத்தியில வச்சானே, அந்த இரும்போட சில்லிப்பு இன்னும் போகல. ராத்திரி தூக்கத்துல இப்பவும் கத்தறேன். யோலாண்டாவக் கேளுங்க."

யோலாண்டா அவன் தோளைத் தடவிக்கொடுப்பது திரையில் தெரிந்தது. பிறகு பெர்னடீன், "ஐயோ என் ராசா" என்றாள். அவ்வளவுதான். கூடல் சார்லட்டில் என்று முடிவாயிற்று. "எங்க வீட்டுக்கே வாங்க எல்லாரும்" என்றான் டெரன்ஸ்.

லவோன் போனை அணைத்தாள். சொன்ன சொல்லை மாற்றிவிட்டானே என்று வலித்தது. ஆனால் பட்டவன் அவன். அந்தப் பயத்தை நாம் எப்படி அளக்க முடியும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மே மாதத்தில் ஒரு முற்பகல் அவளுடைய வேன் விமான நிலையச் சாலையில் புகை கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. விருந்தாளிகளை வேறு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, இழுவை வண்டிக்காகக் காத்திருந்தாள். வந்தவன் தலை நரைக்கத் தொடங்கிய பெரிய ஆள். கொக்கியை மாட்டிவிட்டு, அவள் சட்டையில் இருந்த பெயரைப் படித்தான்.

"டேட்டமா? ஆரஞ்ச் மவுண்ட் டெரன்ஸ் டேட்டம் உங்களுக்கு என்ன வேணும்?"

"என் தம்பி."

"அப்ப அந்த அக்கா நீங்கதானா!" அவன் முகமெல்லாம் சிரிப்பானது. "நான் ஹோசியா பினியன். பள்ளிக்கூடத்துல அவன் கூட ஆடினவன். கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். இப்ப சொன்னாத் தப்பில்லன்னு நினைக்கறேன். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஏரிப் பக்கம் போய்க்கிட்டிருந்தேன். ஒரு புதுக் கார் பள்ளத்துல மூஞ்சி குத்திக் கிடக்கு. பாத்தா உள்ள நம்ம டெரன்ஸ். முழு போதை. இழுத்துவிடறேண்டான்னா வேணாங்கறான். 'எங்க அக்காவுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சுபோயிடும், என்னை எங்க வீட்டுக்குப் பக்கத்துல பார்க் அவென்யூல எறக்கிவிட்டுடு'ன்னு அழுதான். இந்த வயசுலயும் அக்காவுக்குப் பயப்படறானே, நல்ல வளர்ப்புன்னு நினைச்சுக்கிட்டேன்."

"என்னைக்கு இது?" என்றாள் லவோன்.

"செப்டம்பர் விடுமுறை. மறுநாள் எங்க வீட்டுல விருந்து, அதான் ஞாபகம் இருக்கு. நீல நிறக் கார்."

யோலாண்டாவின் கார் நீலம். அன்று டெரன்ஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபோது அவன் வாயிலிருந்து வந்த புதினா மிட்டாய் வாசனை, ஏழு வருஷம் கழித்து அந்தச் சாலையோரத்தில் அவள் மூக்கில் ஏறியது. ஹோசியா ஏதோ கேட்டான். "வெயில்தான்" என்று சொல்லி அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

போனில் கேட்க அவளுக்கு மனமில்லை. முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும். ஜூலையில் சார்லட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை பூங்காவில் ஊதாப் பனியன் கூட்டம். டெரன்ஸ் கறி அடுப்புக்குப் பக்கத்தில் நின்று எல்லோரையும் உபசரித்துக்கொண்டிருந்தான். ஒடெல் அத்தை தட்டைப் பார்த்து, "இந்த வினிகர்ல ஊறின கறியத்தான் இந்த ஊருல சுட்ட கறிங்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். லவோன் தம்பியைக் கைகாட்டி அழைத்து, ஐஸ் பெட்டிகள் இருந்த வண்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஹோசியா பினியனைப் பாத்தேன்" என்றாள்.

அவன் கையிலிருந்த கறி இடுக்கி தாழ்ந்தது. மறுத்துப் பேசுவான் என்று அவள் உள்ளுக்குள் கொஞ்சம் நம்பியிருந்தாள். அவன் மறுக்கவில்லை.

"யோலாண்டாவுக்குத் தெரிஞ்சா என் குடும்பம் போச்சு அக்கா. அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல."

"உன் குடும்பம். சரி. டிராவிஸ்?"

"அவன் பேர நான் சொல்லவேயில்லையே!"

"இல்லன்னும் சொல்லலையே, டெரன்ஸ். அவங்கம்மா என் வீட்டு வாசல்ல நின்னு கெஞ்சினா. உனக்குச் சோறு போட்டவ. இருக்கலாம்னு சொன்ன."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "நான் இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலக்கா. யாராவது ரெண்டு கேள்வி கேப்பாங்க, மாட்டிக்குவேன்னுதான் பயந்தேன். மெம்ஃபிஸ்னு சொன்னேன், அவ்வளவுதான். போலீஸ்காரன் கேக்கல, யோலாண்டா கேக்கல. அந்த ஊர் பேரச் சொன்னாப் போதும், யாரும் எதுவும் கேக்கறதில்ல." பிறகு நிமிர்ந்து பார்த்து, "நீயே கேக்கலையே அக்கா. பொறந்ததுலேர்ந்து அங்கயே இருக்கறவ. நீயும் நம்பினியே" என்றான்.

அறைந்தது போலிருந்தது அவளுக்கு. ஏனென்றால் அது உண்மை.

"அப்ப போன்ல ஏன் அப்படிச் செஞ்ச? வர்றேன்னு வாக்குக் குடுத்துட்டு?"

"இத்தன பேரும் அங்க வந்தா, எவனாவது வாய விட்டுடுவான். ஹோசியா மாதிரி எவனாவது. ராத்திரியெல்லாம் யோசிச்சேன். முடியலக்கா. தயவுசெஞ்சு விட்டுடு. இனிமே அந்தக் கதைய நான் வாயாலயும் எடுக்க மாட்டேன். அம்மா மேல சத்தியம்."

அம்மா மேல் சத்தியம் என்றதும் லவோன் திரும்பி வந்தாள். எதுவும் சொல்வதில்லை என்றுதான் அப்போது அவள் நினைத்திருந்தாள். டிராவிஸிடமும் ஓலா மேயிடமும் மட்டும் எப்படியாவது சரிசெய்ய வேண்டும். குழந்தைகள் இருக்கிறார்கள். குடும்பம் உடையக் கூடாது.

சாப்பாட்டு மேசையில் பெர்னடீனின் மருமகள் ஒருத்தி, குடும்பத்துக்குப் புதியவள், வெள்ளந்தியாகக் கேட்டாள்: "எல்லாருக்கும் பூர்வீகம் மெம்ஃபிஸ்தானாமே? அங்க ஏன் கூடறதில்ல?"

"டெரன்ஸக் கேளு" என்றாள் பெர்னடீன். "சொல்லுப்பா அவளுக்கு."

டெரன்ஸ் அக்காவைப் பார்க்கவில்லை. "விடு பெர்னி, அது பழைய கதை" என்றான். சுற்றியிருந்தவர்கள் விடவில்லை. அவனும் ரொம்ப நேரம் மறுக்கவில்லை. "ரெண்டு பேரு..." என்று ஆரம்பித்தான். நெற்றியில் வைத்த இரும்பு வந்தது. பச்சைத் தொப்பி வந்தது. இந்தத் தடவை புதிதாக ஒன்றும் சேர்ந்தது: துப்பாக்கி பிடித்தவன், "அலறினா உங்க அக்கா வீட்டுக்குள்ள பூந்துருவோம்" என்று மிரட்டினானாம். அதனால்தான் டெரன்ஸ் வாய் பேசாமல் சாவியைக் கொடுத்தானாம். மேசையைச் சுற்றி எல்லோரும் இரக்கத்தோடு லவோனைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள்.

"அவனை யாரும் தொடல" என்றாள். குரல் உயரவில்லை. "எந்தத் துப்பாக்கியும் இல்ல. குடிச்சிட்டுக் காரைப் பள்ளத்துல விட்டான். தூக்கிவிட்டவனே என்கிட்ட சொல்லிட்டான். இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி இவனும் ஒத்துக்கிட்டான். சொல்லு டெரன்ஸ்."

டெரன்ஸ் எழுந்தான். அவள் பக்கத்தில் வந்து தோளில் மெதுவாகக் கை வைத்தான். நோயாளியிடம் பேசுவது போலப் பேசினான்: "அக்காவுக்கு அந்த ஊரு மேல உசிரு. அது எனக்குப் புரியுது. எல்லாரும் வராததுல அவளுக்கு ரொம்ப வருத்தம்."

"உக்காரு வோனி" என்றாள் பெர்னடீன். "ஊர விட்டுக்குடுக்க முடியாதுதான். அதுக்காகக் கூடப்பொறந்தவன் மேலயா பழி போடுவ?"

"வெயில் தலைக்கேறிடுச்சு, தண்ணி குடுங்க" என்றார் ஒடெல் அத்தை.

ஒருத்தர்கூட நம்பவில்லை. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பொய் சொன்னவனுக்காகத்தான் அவர்கள் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். யோலாண்டா மட்டும் யாரையும் பார்க்காமல் காகிதத் தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். லவோன் தம்பியின் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள். பனியனுக்கு மேல் ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, ஞாயிறு ஆராதனைக்குக் காத்திராமல் ஊர் திரும்பினாள்.

ஊர் வந்து சேர்ந்த மறுநாள் காலையிலேயே அந்த முனைக் கடைக்குப் போனாள். டிராவிஸ் ஒரு கிழவருக்குத் தாடி ஒதுக்கிக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். டிராவிஸ் கத்தியைத் துடைத்தான்.

"நான் அன்னைக்கே சொன்னேன், லவோன் அக்கா" என்றான். "உங்க எல்லாருக்கும் சொன்னேன். அவன் சொன்னதுக்குத்தான் மதிப்பு இருந்துச்சு."

"போலீஸ்ல வந்து சொல்றேன்பா."

"இப்பப் போய் யாருக்கு என்ன? அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்கதான் அதுக்கப்புறம் சிரிக்கறத விட்டுட்டாங்க."

ஓலா மே கதவைத் திறந்தாள், ஆனால் உள்ளே கூப்பிடவில்லை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டாள். "உன் தம்பிய நீ நம்பின. அதுல தப்பில்ல" என்றாள் கடைசியில். "எம் புள்ளைய நீ நம்பல பாரு, அதுதான். அவனையும் உன் கண் முன்னாடிதானே வளத்தேன்?" கதவு சாத்திக்கொண்டது. லவோன் தெருவைக் கடந்து வீட்டுக்கு வந்தாள். டெரன்ஸ் அவள் ஊரை மட்டுமல்ல, உள்ளதை உள்ளபடி பார்க்கும் அவள் கண்ணையும் பறித்துக்கொண்டு போயிருக்கிறான் என்று அப்போது அவளுக்குப் பட்டது.

அவன் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

அக்டோபரில் ஒரு நாள் விமான நிலைய வாசலில் யோலாண்டா தனியாக நின்றுகொண்டிருந்தாள், சின்னப் பையோடு. முன்கூட்டி ஒரு தகவலும் இல்லை. லவோன் அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய், கெளுத்தி மீன் பொரித்து, ஸ்பெகட்டியோடு வைத்தாள். யோலாண்டா நன்றாகவே சாப்பிட்டாள். பிறகு, "அந்த இடத்தைப் பாக்கணும் அண்ணி" என்றாள்.

ஏரிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். பள்ளம் இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடந்தது. தூரத்தில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். யோலாண்டா இறங்கி ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

"நீங்க எழுந்து நின்னு சொன்னப்பவே தெரிஞ்சுது" என்றாள். "அதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்னு நினைக்கறேன். ராத்திரி தூக்கத்துல கத்தறேன்னாரே, அப்படி ஒரு நாளும் கத்தினதில்ல."

லவோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே ஒரு ஆள். கடைசியில் நம்ப ஒரு ஆளாவது கிடைத்தாள். "அப்ப அன்னைக்கே அதச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள்.

"சொல்லியிருந்தா நான் அவரை விட்டுப் போகணும். அப்படித்தானே நிபந்தனை வச்சேன்?" யோலாண்டா கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "பெரியவ அடுத்த வருஷம் காலேஜ் போறா. என்னால முடியாது அண்ணி. இப்ப அவரு குடிக்கறதில்ல, அது நிஜம். நான் உண்மையத் தெரிஞ்சுக்கணும்னு வந்தேன். அவ்வளவுதான்."

"அவன்கிட்ட சொல்லிட்டு வந்தியா?"

"நாஷ்வில் போறதாச் சொல்லிட்டு வந்திருக்கேன்." சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "மெம்ஃபிஸ்னு சொன்னா யாரும் தனியா விடமாட்டாங்களே. பெர்னடீன்கிட்டயும் யார்கிட்டயும் நான் வந்ததச் சொல்லிடாதீங்க."

லவோன் வண்டியைக் கிளப்பினாள். "இல்லம்மா. சொல்ல மாட்டேன்" என்றாள். சொன்னால்தான் யார் நம்பப்போகிறார்கள் என்று அவள் சேர்த்துச் சொல்லவில்லை.

யோலாண்டா இரண்டு நாள் இருந்தாள். கூடத்தின் சோபாவில் நிம்மதியாகத் தூங்கினாள். ஆற்றங்கரையில் நடந்தாள். புறப்படும் நாளில் லவோனைக் கட்டிக்கொண்டு, "நல்லாப் பாத்துக்கிட்டீங்க அண்ணி" என்றாள். லவோன் அவள் பையை எடுத்துக் கொடுத்து, உள்ளே போகும்வரை நின்று பார்த்தாள். பிறகு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்திறங்கும் பயணிகளை ஏற்ற வேனைக் கீழ்த்தளத்துக்கு ஓட்டிப்போனாள்.